வீடு கட்டக் கட்டடக் கலைஞரையும் பொறியாளரையும் அமர்த்துதல்

வீடு கட்டக் கட்டடக் கலைஞரையும் பொறியாளரையும் அமர்த்துதல் என்பது, சொந்த மனையில் வீடு கட்ட முனையும் ஒருவர், வீட்டைத் திட்டமிடவும் அதன் வலிமையைக் கணக்கிடவும் கட்டுமானத்தை மேற்பார்வையிடவும் தகுதி பெற்ற வல்லுநர்களைத் தேர்ந்தெடுத்துப் பணியில் ஈடுபடுத்துவதைக் குறிக்கும். இவ்வல்லுநர்களின் பணிகள் வெவ்வேறானவை. ஆயினும் பேச்சு வழக்கில் இவர்கள் அனைவரும் "என்ஜினியர்" என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், யாரிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதில் குழப்பம் ஏற்படுகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டில் தனி வீடு கட்டுவோருக்குரிய நடைமுறையை விளக்குகிறது.

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு, நகை, வங்கிக் கடன் ஆகிய மூன்றும் வீட்டில்தான் வந்து சேர்கின்றன. அப்படியிருந்தும், பல தனி வீடுகள் அனுமதி பெறுவதற்காக வரைந்த ஒற்றை வரைபடத்தையும் மேஸ்திரியின் அனுபவத்தையும் மட்டுமே நம்பிக் கட்டப்படுகின்றன. அனுமதிக்கான வரைபடம் வீட்டின் பரப்பளவையும் அறைகளையும் சுற்றிலும் விட வேண்டிய காலி இடத்தையும் காட்டும். தூணுக்குள் எத்தனை கம்பிகள் இருக்க வேண்டும், அடித்தளம் எவ்வளவு ஆழம் செல்ல வேண்டும் என்பவற்றை அது சொல்லாது. இந்த வேறுபாட்டை அறிவதே சரியான வல்லுநரை அமர்த்துவதன் முதற்படி ஆகும்.

நான்கு பொறுப்புகள்

ஒரு வீடு உருவாவதில் நான்கு பொறுப்புகள் உள்ளன. அவை வரைதல், கணக்கிடுதல், கட்டுதல், சரிபார்த்தல் என்பனவாகும். அறைகளின் அமைப்பு, காற்று, வெளிச்சம், தோற்றம் ஆகியவற்றைத் தீர்மானிப்பது வரைதல். வீட்டின் எடையையும் காற்று, நிலநடுக்கம் ஆகியவற்றின் விசையையும் தாங்கும் வகையில் அடித்தளம், தூண், உத்திரம், தளம் ஆகியவற்றின் அளவையும் கம்பியையும் முடிவு செய்வது கணக்கிடுதல். ஆட்களையும் பொருள்களையும் கொண்டு வேலையை முடிப்பது கட்டுதல். வரைந்தபடியும் கணக்கிட்டபடியும் வேலை நடக்கிறதா என்று பார்ப்பது சரிபார்த்தல்.

சிறிய வீடுகளில் ஒருவரே இவற்றுள் இரண்டு மூன்று பொறுப்புகளை ஏற்பதுண்டு. அதில் பெரிய தவறில்லை. ஆனால் கட்டுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவராகவே இருப்பது நல்லதன்று. தேர்வு எழுதிய மாணவரே தம் விடைத்தாளைத் திருத்துவதற்கு அது ஒப்பாகும். ஒப்பந்தக்காரர் நேர்மையானவராக இருந்தாலும், சிக்கனமும் வேகமும் அவருக்கு வருமானம் தருபவை. கம்பியின் எண்ணிக்கையும் சிமெண்டின் அளவும் குறையாமல் இருப்பது உரிமையாளருக்கு நன்மை தருவது. இவ்விரு நலன்களும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே சரிபார்ப்பவருக்குரிய ஊதியத்தை உரிமையாளர் தாமே நேரடியாகத் தருவது நல்லது.

கட்டடக் கலைஞர்

கட்டடக் கலைஞர் என்போர் ஆர்க்கிடெக்ட் என்று அறியப்படும் வல்லுநர்கள். இவர்கள் பி.ஆர்க் எனப்படும் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பை முடித்தவர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தவர் மட்டுமே "ஆர்க்கிடெக்ட்" என்ற பட்டத்தைப் பயன்படுத்தலாம். பதிவு பெற்றவருக்குச் "சிஏ" என்ற எழுத்துகளில் தொடங்கி, பதிவான ஆண்டையும் வரிசை எண்ணையும் கொண்ட பதிவு எண் வழங்கப்படுகிறது. அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

இச்சட்டம் பாதுகாப்பது பட்டப்பெயரையே ஆகும். கட்டட வடிவமைப்புத் தொழிலைப் பதிவு பெறாதவர் செய்வதை இச்சட்டத்தின் 37-ஆம் பிரிவு தடை செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஒரு வழக்கில் விளக்கியது. ஆகவே "பில்டிங் டிசைனர்", "பிளான் வரைபவர்" போன்ற பெயர்களில் செயல்படுவோர் சட்டத்தை மீறியவர்கள் ஆகமாட்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கவுன்சிலின் ஒழுங்கு விதிகள் பொருந்தா. அவர்களின் தகுதியை உரிமையாளரே ஆராய்ந்து அறிய வேண்டும்.

கட்டடக் கலைஞரின் பணி முகப்பை அழகாக்குவது மட்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அவருடைய பயன் அதிகம் தெரிவது சிறிய மனையில்தான். மேற்கு வெயில் படும் சுவரில் படுக்கையறை வைப்பதா, மாடிப்படி வைப்பதா என்பது அடுத்த ஐம்பது கோடைகளின் வெப்பத்தைத் தீர்மானிக்கும். எதிரெதிரே சன்னல்கள் அமைந்தால் காற்று ஓடும். ஒரே பக்கம் அமைந்தால் காற்று தேங்கும். பயன்படாத நடைவழியில் 60 சதுர அடி வீணானால், சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்ற கணக்கில் 1,50,000 ரூபாய் வீணாகிறது. முதியோர் கீழ்த்தளத்தில் தங்க ஓர் அறையும் அதனுடன் சேர்ந்த கழிப்பறையும் வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டறிந்து வரைபவரே நல்ல கட்டடக் கலைஞர்.

கட்டுமானப் பொறியாளரும் கட்டமைப்புப் பொறியாளரும்

கட்டுமானப் பொறியாளர் என்பவர் சிவில் என்ஜினியர் ஆவார். இவர் நான்காண்டு பி.இ. பட்டமோ, மூன்றாண்டுப் பட்டயப் படிப்போ முடித்திருப்பார். மதிப்பீடு தயாரித்தல், மனையைக் குறியிடல், பொருள்களின் தரம் பார்த்தல், வேலையை மேற்பார்வையிடல் ஆகியவை இவர் பணிகள். கட்டமைப்புப் பொறியாளர் என்பவர் கட்டடத்தின் வலிமையைக் கணக்கிடுவதில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். இவர்களுள் பலர் கட்டமைப்புப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றிருப்பர்.

மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர் ஆகியோருக்கு இருப்பதுபோல் கட்டுமானப் பொறியாளர்களைப் பதிவு செய்யும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் முதலிய வகைகளைத் தனித்தனியே குறிப்பிடுகின்றன. எனவே ஒருவரிடம் "நீங்கள் என்ஜினியரா?" என்று கேட்பது போதாது. எந்த வகையில், எந்த அலுவலகத்தில் பதிவு பெற்றவர், பதிவு நடப்பில் உள்ளதா என்று கேட்க வேண்டும்.

கட்டமைப்புக் கணக்கீட்டிற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தொகுப்புகள் அடிப்படையாக உள்ளன. வலுவூட்டிய காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, சுமைகளுக்கு ஐஎஸ் 875, நிலநடுக்கத்துக்கு ஐஎஸ் 1893, நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கம்பி அமைக்கும் முறைக்கு ஐஎஸ் 13920 ஆகியவை முதன்மையானவை. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது சென்னை, நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றப்பட்டது. அதன்பின் பழைய வீடுகளைப் பார்த்து அதே அளவில் தூண் எழுப்புவது பொருந்தாத செயலாகிவிட்டது.

எடுத்துக்காட்டாக, "பக்கத்து வீட்டுக்கு ஒன்பதுக்கு ஒன்பது பில்லர்தான் போட்டோம், நன்றாகத்தானே நிற்கிறது" என்று மேஸ்திரி சொல்வதுண்டு. ஒன்பது அங்குலம் என்பது ஏறக்குறைய 230 மில்லிமீட்டர். ஐஎஸ் 13920 தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, தூணின் குறுகிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. பக்கத்து வீடு நிற்பதற்குக் காரணம், அது இன்னும் ஒரு பெரிய அதிர்வைச் சந்திக்காதது மட்டுமாகவும் இருக்கலாம்.

கணக்கீட்டில் நேரும் பிழை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குச் சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கம் ஒரு துயரச் சான்று. அங்குக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு 2014 சூன் 28 அன்று இடிந்து விழுந்ததில் 61 பேர் உயிரிழந்தனர். அதனருகே நின்ற மற்றொரு கட்டடம் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தனி வீடு அவ்வளவு உயரமானதன்று. ஆனால் மண்ணின் தாங்குதிறன், தூணின் அளவு, மேலேறும் எடை ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

மேஸ்திரியும் ஒப்பந்தக்காரரும்

மேஸ்திரி என்பவர் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள் ஆகியோரை ஒருங்கிணைத்து வேலை வாங்குபவர். செங்கல் வரிசையை நேராக எழுப்புவதிலும் பூச்சின் நயத்திலும் அனுபவமுள்ள மேஸ்திரிக்கு இணை இல்லை. அவருடைய கைத்திறனும் பொறியாளரின் கணக்கும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது.

ஒப்பந்தம் இருவகைப்படும். உரிமையாளர் பொருள்களை வாங்கித் தந்து, கூலியை மட்டும் பேசுவது லேபர் காண்ட்ராக்ட். பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது முழு ஒப்பந்தம். முழு ஒப்பந்தத்தில் "எதைச் சதுர அடியாகக் கணக்கிடுவது" என்பதில்தான் பல பிணக்குகள் தோன்றுகின்றன. மாடிப்படியின் மேற்கூரை, சன்ஷேடு, கார் நிறுத்தும் இடம், தரையடி நீர்த்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்பதை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். பொறியாளர் தயாரித்த அளவு விவரப் பட்டியல் கையில் இருந்தால், மூன்று ஒப்பந்தக்காரர்களின் விலையை ஒரே அளவுகோலில் ஒப்பிட முடியும். பட்டியல் இல்லாமல் ஒப்பிட்டால், குறைந்த விலை சொன்னவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பது பாதி வீட்டில்தான் தெரியவரும்.

அனுமதியும் சுயசான்றும்

கட்டட அனுமதியை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகளும், கட்டடத்தின் அளவைப் பொறுத்துச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமும் வழங்குகின்றன. 2024 சூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை நடைமுறைக்கு வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ தரைத்தளத்துடன் முதல் தளமோ கொண்ட வீடு கட்டுவோர், விதிகளுக்கு உட்பட்டே கட்டுவதாகத் தாமே சான்றளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். அலுவலர் முன்கூட்டி வந்து பார்க்கும் நடைமுறை இதில் இல்லை.

இம்முறையால் அலைச்சலும் காத்திருப்பும் குறைந்தன. அதே வேளையில் பொறுப்பு முழுமையாக உரிமையாளரின் தோளில் ஏறியது. சான்றளித்த அளவுக்கும் கட்டிய அளவுக்கும் வேறுபாடு இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. முன்பு ஓர் அலுவலரின் கண்ணாவது வரைபடத்தின்மீது பட்டது. இப்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் உரிமையாளர் அமர்த்தும் வல்லுநரே. மழைநீர் சேகரிப்பு அமைப்பு, சுற்றிலும் விட வேண்டிய இடம், தெருவின் அகலம் ஆகியவை பற்றிய விதிகளை எளிய மொழியில் விளக்குமாறு அவரிடம் கேட்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு.

வங்கிக் கடன் பெறுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், கடன் தவணையை விடுவிக்கும் அளவுக்கு வேலை நடந்துள்ளதா என்றே பார்க்கிறார். கம்பியைச் சரிபார்ப்பது அவர் வேலையன்று. அவர் வந்து போனதை மேற்பார்வையாகக் கொள்ளக் கூடாது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் உரிமையாளர் தம் ஆவணங்களை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்பட நகல், மனைப் பிரிவு ஒப்புதல் வரைபடம் ஆகியவை தேவை. பத்திரத்தில் 40 அடி என்று இருக்கும் பக்கம் தரையில் 39 அடியாக இருப்பதுண்டு. எனவே மனையை நேரில் அளந்த பிறகே வரைபடம் தொடங்க வேண்டும்.

அடுத்து, குடும்பத்தின் தேவைகளையும் செலவிடக்கூடிய உச்சத் தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். தொகையை மறைத்துப் பேசுவதால் நன்மை இல்லை. 30 லட்சம் ரூபாய் உள்ளவருக்கு 45 லட்சம் ரூபாய் வீட்டை வரைந்து, பின்னர் ஒவ்வொன்றாகக் குறைப்பது இரு தரப்புக்கும் இழப்பு.

குறைந்தது இரண்டு மூன்று வல்லுநர்களைச் சந்தித்த பிறகு முடிவெடுக்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டியவை:

1. பதிவு எண் என்ன? எந்த அமைப்பில் பெற்றது?
2. கடந்த ஐந்தாண்டுகளில் இதே அளவில் வடிவமைத்த வீடுகள் எவை? அவற்றுள் ஒன்றைக் குடியிருப்போரின் இசைவுடன் பார்க்க முடியுமா?
3. கட்டமைப்புக் கணக்கீட்டைச் செய்பவர் யார்? அவர் கையொப்பம் வரைபடத்தில் இருக்குமா?
4. கட்டுமானக் காலத்தில் எத்தனை முறை, எந்தெந்தக் கட்டங்களில் நேரில் வருவார்?
5. கட்டணத்தில் அடங்குபவை எவை, அடங்காதவை எவை?

அவர் கட்டிய வீட்டில் குடியிருப்போரிடம் "வீடு அழகாக உள்ளதா?" என்று கேட்பதைவிட, "மழைக்காலத்தில் எங்காவது ஒழுகுகிறதா? பேசிய தொகைக்கும் முடிந்த தொகைக்கும் எவ்வளவு வேறுபாடு? கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேட்பது பயன் தரும்.

மண் பரிசோதனை

மண் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லும் வல்லுநரிடம், ஏன் வேண்டாம் என்று காரணம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் மண் இடத்துக்கு இடம் மாறுவது. கோவில்பட்டி, விருதுநகர் பகுதிகளின் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பிளக்கும். சென்னையில் பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதிகளில் களிமண்ணும், திருவான்மியூர் கடற்கரையோரம் மணலும், பல்லாவரம் பக்கம் பாறையும் காணப்படுகின்றன. ஏரி, குளம், பழைய கிணறு ஆகியவற்றைத் தூர்த்த மனைகளில் மேலே கெட்டியாகத் தோன்றும் மண்ணுக்குக் கீழே நிரப்பு மண் இருக்கும்.

பரவலாகச் செய்யப்படும் சோதனையில், துளையிட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவர். அந்த எண்ணிக்கை மண்ணின் உறுதியைக் காட்டும். தனித்தனி அடித்தளம் போதுமா, சேர்ந்த அடித்தளம் வேண்டுமா, நிலத்தூண் இறக்க வேண்டுமா என்பது இதைக் கொண்டே முடிவாகிறது. கரிசல் மண்ணில் அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த நிலத்தூண்கள் பயன்படுவது இக்காரணத்தால்தான். வீட்டின் மொத்தச் செலவில் இச்சோதனைக்கு ஆவது மிகச் சிறு பங்கு. கட்டிய பின் சுவர் பிளந்தால் அடித்தளத்தைத் திருத்த ஆகும் செலவு அதைப் போலப் பல மடங்கு.

பெற வேண்டிய வரைபடங்கள்

அனுமதி வரைபடத்துடன் வேலையைத் தொடங்குவது, பொருளடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதைப் போன்றது. வேலை தொடங்குமுன் உரிமையாளர் பெற்றிருக்க வேண்டியவை:

1. எல்லா அளவுகளும் குறித்த தள வரைபடம், வெட்டுத் தோற்றம், முகப்புத் தோற்றம்.
2. அடித்தளம், தூண், உத்திரம், தளம், மாடிப்படி ஆகியவற்றின் கட்டமைப்பு வரைபடங்கள். கம்பியின் விட்டம், எண்ணிக்கை, இடைவெளி, காங்கிரீட்டின் தரம் ஆகியவை இவற்றில் இருக்க வேண்டும்.
3. மின்சாரப் புள்ளிகள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் வரைபடங்கள்.
4. கதவு, சன்னல் அளவுப் பட்டியல்.
5. அளவு விவரப் பட்டியலும் மதிப்பீடும்.

வாசல், சமையலறை, பூசையறை பற்றிய மனையடி நம்பிக்கைகள் குடும்பத்துக்கு இருந்தால், அவற்றை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தூண்களின் இடம் முடிவான பிறகு மாடிப்படியை இடம் மாற்றுவதும், போட்ட உத்திரத்தைக் குழாய்க்காக உடைப்பதும் வீட்டின் வலிமையைப் பாதிக்கும் செயல்கள். எந்த மாற்றமானாலும் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து ஒப்புதல் பெற்ற பிறகே செய்ய வேண்டும்.

கட்டணம்

கட்டணம் பொதுவாக மூன்று வகைகளில் பேசப்படுகிறது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு, சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய், முழுப் பணிக்கும் ஒரே தொகை என்பன அவை. விழுக்காட்டு முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 1,200 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று கொண்டால் கட்டுமானச் செலவு 30,00,000 ரூபாய். கட்டணம் 4 விழுக்காடு என்று பேசினால் 1,20,000 ரூபாய். வல்லுநர் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு பெற்றவராயின், 18 விழுக்காடு வரி 21,600 ரூபாய் சேர்ந்து மொத்தம் 1,41,600 ரூபாய் ஆகும்.

விழுக்காட்டு முறையில் செலவு கூடினால் கட்டணமும் கூடும். அதனால் எந்த மதிப்பீட்டின் மீது விழுக்காடு என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டணத்தை ஒரேயடியாகத் தராமல், முதல் வரைபடம், அனுமதி, கட்டமைப்பு வரைபடங்கள், அடித்தளம், கூரைத்தளம், நிறைவு எனக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தருவது முறை. வாடிக்கையாளரையோ பணியையோ பெற்றுத்தருவதற்காகத் தரகு கொடுப்பதையும் வாங்குவதையும் கட்டடக் கலைஞர்களுக்கான 1989-ஆம் ஆண்டின் தொழில் ஒழுங்கு விதிகள் தடை செய்கின்றன.

பணம் குறைவாக உள்ளவர் எல்லாச் சேவைகளையும் பெற முடியாமல் போகலாம். அந்நிலையில் முகப்பின் முப்பரிமாணப் படத்தையும் உள் அலங்காரத்தையும் விட்டுவிடலாம். மண் பரிசோதனை, கட்டமைப்பு வரைபடம், காங்கிரீட் போடும் முன் நேரில் பார்வையிடல் ஆகிய மூன்றையும் விடக் கூடாது. பூச்சையும் வண்ணத்தையும் பின்னர் மாற்றலாம். மண்ணுக்குள்ளும் காங்கிரீட்டுக்குள்ளும் போனதை மாற்ற முடியாது.

ஒப்பந்தம்

தெரிந்தவர், உறவினர் என்பதற்காக எழுத்து ஒப்பந்தத்தைத் தவிர்ப்பதுண்டு. உறவு கெடாமல் இருப்பதற்கே எழுத்து தேவைப்படுகிறது. பணியின் எல்லை, தர வேண்டிய வரைபடங்கள், நேரில் வரும் கட்டங்கள், கட்டணமும் தவணைகளும், காலக்கெடு, மாற்றம் செய்தால் கூடுதல் கட்டணம், இடையில் விலக நேர்ந்தால் கணக்கு முடிக்கும் முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரருடன் தனி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதில் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், செங்கல், ஓடு, குழாய், மின்கம்பி ஆகியவற்றின் தரமும் விலை வரம்பும் குறிக்கப்பட வேண்டும். "பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே காங்கிரீட் போட வேண்டும், தவணைத் தொகை அதன் பின்னரே தரப்படும்" என்ற ஒரு வரி, மேற்பார்வைக்குத் தேவையான வலுவைத் தரும்.

மேற்பார்வை

பொறியாளர் நாள்தோறும் வர வேண்டியதில்லை. ஆனால் சில நாள்களில் அவர் கட்டாயம் இருக்க வேண்டும். மனையைக் குறியிடும் நாள், குழி தோண்டி அடிமண் தெரியும் நாள், அடித்தளக் கம்பி கட்டி முடித்த நாள், தூண் கம்பி நிறுத்திய நாள், கூரைத்தளக் கம்பி கட்டி முடித்த நாள், காங்கிரீட் போடும் நாள், முட்டு பிரிக்கும் நாள் ஆகியவை அவை.

இந்நாள்களில் உரிமையாளரும் சிலவற்றைக் கவனிக்கலாம். கம்பியை அச்சுப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்குகள் உள்ளனவா என்று பார்ப்பது எளிது. பொதுவாக அடித்தளத்துக்கு 50 மில்லிமீட்டரும் தூணுக்கு 40 மில்லிமீட்டரும் காங்கிரீட் மறைப்பு இருக்க வேண்டும். மறைப்பு குறைந்தால் கம்பி துருப்பிடித்து, சில ஆண்டுகளில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். தூணைச் சுற்றிய ரிங்குகளின் கொக்கிகள் 135 பாகை வளைந்து உட்புறம் செல்ல வேண்டும். 90 பாகையில் மடித்துவிட்டால் அதிர்வின்போது அவை விரிந்துவிடும்.

காங்கிரீட் கலவையில் அதிகம் நடக்கும் தவறு தண்ணீரைக் கூட்டுவது. கலவை இளகினால் வேலை எளிதாகும் என்பதால் ஆட்கள் மேலும் ஒரு வாளி ஊற்றுவர். கூடுதல் நீர் ஆவியாகி வெளியேறும்போது நுண்துளைகள் உண்டாகி வலிமை குறைகிறது. எம்-20 தரத்தில் அளவு விகிதத்தில் கலக்கும்போது, 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு நீர் 30 லிட்டருக்கு மிகக் கூடாது என்று ஐஎஸ் 456 வரையறுக்கிறது. காங்கிரீட் போடும் நாளில் 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து, 28 நாள்கள் கழித்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பதே வலிமையை அறியும் வழி.

சாதாரண போர்ட்லண்டு சிமெண்டானால் குறைந்தது 7 நாள்களும், சாம்பல் கலந்த சிமெண்டானால் குறைந்தது 10 நாள்களும் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். கூரைத்தளத்தின் முட்டுகளை, 4.5 மீட்டர் வரையுள்ள அகலத்துக்கு 7 நாள்களும் அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள்களும் பிரிக்காமல் வைக்க வேண்டும். உத்திரத்துக்கு 6 மீட்டர் வரை 14 நாள்கள், அதற்கு மேல் 21 நாள்கள். சென்ட்ரிங் வாடகையை மிச்சப்படுத்த முன்கூட்டியே பிரிப்பது ஆபத்தானது.

பிணக்கு ஏற்பட்டால்

வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு சேவை என்பதை உச்ச நீதிமன்றம் 1993-இல் உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவை என்பதன் விளக்கத்திலேயே வீடு கட்டுதல் இடம்பெற்றுள்ளது. சேவைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். குறைபாடு நேர்ந்ததிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பதிவு பெற்ற கட்டடக் கலைஞரின் தொழில் ஒழுங்கு மீறல் குறித்துக் கட்டடக்கலைக் கவுன்சிலிலும் முறையீடு செய்யலாம்.

எந்த முறையீட்டுக்கும் ஆவணமே அடிப்படை. எழுத்து ஒப்பந்தம், பணம் செலுத்திய சான்று, கையொப்பமிட்ட வரைபடம், கம்பி கட்டிய நிலையில் எடுத்த ஒளிப்படங்கள், பொறியாளர் பார்வையிட்ட நாள்களின் குறிப்பு ஆகியவை இல்லாதபோது உண்மையான குறையைக் கூட நிறுவுவது கடினம்.

வீடு முடிந்த பின்

வேலை முடிந்ததும், கட்டியபடி திருத்திய வரைபடங்களையும் மண் பரிசோதனை அறிக்கையையும் சோதனை முடிவுகளையும் உரிமையாளர் ஒரு கோப்பாகப் பெற்று வைக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கும்போது மின்குழாய் எங்கே செல்கிறது என்பது முதல், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயின் வழி வரை இக்கோப்பு பயன்படும். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் பிள்ளைகள் மேலே ஒரு மாடி கட்ட நினைக்கும்போது இதன் பயன் மேலும் மிகுதி. அடித்தளம் எத்தனை தளங்களுக்காகக் கணக்கிடப்பட்டது என்பது எழுத்தில் இருந்தால், பொறியாளர் அதைப் பார்த்து முடிவு சொல்ல முடியும். எழுத்தில் இல்லையென்றால், தூணைத் துளைத்தும் அடித்தளத்தைத் தோண்டியும்தான் அவர் அதை அறிய வேண்டியிருக்கும். கிரயப் பத்திரத்தைப் பாதுகாக்கும் அதே பெட்டியில் இக்கோப்பையும் பாதுகாப்பது நன்று.